ஏடும் நிலமும்: ஒரு பழைய வி.ஏ.ஓ. சீன வரலாறு படித்த கதை

சின் என்பது சீனாவின் முதல் பேரரசு. சிங் என்பது கடைசிப் பேரரசு. இரண்டுக்கும் நடுவே 1,800 வருடத்துக்கு மேல் இருக்கிறது. இது தெரியாமலே இரண்டு வாரம் படித்தேன். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கியவர்களே 1842இல் ஆங்கிலேயரிடம் தோற்று ஹாங்காங்கைக் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டு, அடேயப்பா, எவ்வளவு காலம் ஆண்டிருக்கிறார்கள் என்று மனைவியிடம் வியந்து பேசியதும் உண்டு. அவள் நல்லவேளை காதில் வாங்கவில்லை.

ஓய்வு பெற்ற முதல் வருடம் அது. கீழத்தஞ்சைப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். பட்டா, சிட்டா, அடங்கல், ஜமாபந்தி என்றே ஓடியவனுக்குத் திடீரென்று பகல் பொழுது முழுதும் கையில் கிடைத்தால் என்ன செய்வான்? சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனபோது, ஐயாயிரம் வருடச் சீன வரலாற்றை ஒரே புத்தகத்தில் சொல்வதாக அட்டையில் போட்டிருந்த ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி வந்தேன்.

ஏன் சீனா என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களைப் பார்த்ததில்லை. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்தபோது எனக்கு ஆறு வயது. டீக்கடை பெஞ்சில் ரஷ்யா பக்கம் ஒருவர், சீனா பக்கம் ஒருவர் என்று உட்கார்ந்து கத்துவார்கள். மா சே துங் என்ற பெயர் எனக்கு மாமன் மச்சான் பெயர் மாதிரிப் பழக்கம். ஆனால் கத்திய யாருக்கும் சீனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அறுபது வயதில்தான் புரிந்தது. எனக்கும் தெரியாது.

அந்தத் தடிப் புத்தகம் 140ஆம் பக்கத்தோடு நின்றது. பெயர்கள் என்னை வீழ்த்திவிட்டன. வெய், ஜின், சுய், தாங், சோங். நேற்று படித்தவர் இன்று வேறு பெயரில் வருகிறார். ஷான்சி என்று ஒரு மாகாணம், அதை ஒட்டியே இன்னொரு மாகாணம், அதற்கும் தமிழில் எழுதினால் ஷான்சிதான். வயதாகிவிட்டது, இனி நமக்கு ஏறாது என்று புத்தகத்தை மூடி வைத்தேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பியபோது, “ஐயாயிரம் வருஷத்தையும் ஒரே மடக்குல குடிச்சா விக்காம என்ன செய்யும் சார்? ஒரே ஒரு வருஷத்தை எடுத்துப் படிங்க” என்று சொல்லி, அவருடைய அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ரே ஹுவாங் எழுதி 1981இல் வந்தது. மிங் வம்சத்தின் 1587ஆம் ஆண்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று ஆசிரியரே தலைப்பில் சொல்லிவிடுகிறார். எதுவுமே நடக்காத வருடத்தை எதற்குப் படிப்பது என்றுதான் திறந்தேன்.

புத்தகம் ஒரு வதந்தியோடு தொடங்குகிறது. பேரரசர் நண்பகலில் தர்பார் கூட்டுகிறார் என்று பெய்ஜிங்கில் யாரோ கிளப்பிவிட, அதிகாரிகள் எல்லாரும் விழுந்தடித்து அரண்மனைக்கு ஓடி வருகிறார்கள். அப்படி ஒரு தர்பாரே கிடையாது. வதந்தியைக் கிளப்பியது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் தலைநகரில் இருந்த அத்தனை அதிகாரிகளுக்கும் இரண்டு மாதச் சம்பளம் பிடித்தம். இதைப் படித்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். இது எனக்குத் தெரிந்த உலகம் அல்லவா! கலெக்டர் வருகிறார் என்று யாரோ சொல்லி, வட்ட அலுவலகமே வாசலில் போய் நின்ற நாட்கள் எத்தனை.

அப்புறம் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஒன்பது வயதில் அரியணை ஏறிய வான்லி பேரரசர். அவருக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்து, அரசாங்கத்தையும் பத்து வருடம் நடத்திய முதன்மை அமைச்சர் சாங் ஜூசெங். நாடு முழுவதும் நிலத்தை மறு அளவை செய்ய உத்தரவு போட்டவர். 1582இல் அவர் இறந்ததும் அவரால் வதைபட்ட அதிகாரிகள் எல்லாரும் கிளம்பி வந்து, அவருடைய சொத்தைப் பறிமுதல் செய்யும் வரை ஓயவில்லை. ஹாய் ருய் என்று இன்னொருவர். வான்லியின் தாத்தாவான பேரரசரைக் கண்டித்து மனு எழுதினால் தலை போகும் என்று தெரிந்து, சவப்பெட்டியை வாங்கி வைத்துவிட்டு மனுவைக் கொடுத்தவர். இப்படிப்பட்ட நேர்மையாளரோடு சேர்ந்து வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதையும் அந்தப் புத்தகம் மறைக்கவில்லை. எனக்கு மேலே அப்படி ஒருவர் இருந்திருக்கிறார். மனிதர் தங்கம். ஆனால் அவருக்குக் கீழே ஒரு கோப்பும் நகராது.

ஆக, எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது. நீளமான வரலாற்றில் குறுக்கே ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தொடங்குங்கள். ஒரு வருடம், ஒரு ஊர், ஒரு ஆள், எதுவாகவும் இருக்கலாம். கூடவே, உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டாகப் பாருங்கள். நான் வருவாய்த்துறைக்காரன் என்பதால் சீனாவின் வரியும் பதிவேடும் எனக்குப் பேசின. சொந்த மாகாணத்தில் அதிகாரிக்குப் பதவி கிடையாது என்ற விதி, சில வருடத்தில் மாறிப் போகும் மாஜிஸ்திரேட் என்ற மாவட்ட அதிகாரி, மாறாமல் அங்கேயே வேர்விட்ட குமாஸ்தா என்று படிக்கப் படிக்க அந்த அலுவலகத்தின் வாடையே மூக்கில் ஏறியது. சிங் காலத்தில் முப்பது, நாற்பது கோடி மக்களுக்குச் சுமார் 1,300 மாவட்ட அதிகாரிகள்தான். மிச்ச அரசாங்கம் யார் கையில் இருந்திருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வைத்தியராக இருப்பவருக்கு வேறு வாசல் திறக்கும், தச்சருக்கு வேறு.

இரண்டாவது, நோட்டு. இது இல்லாமல் சீன வரலாற்றுக்குள் போகவே கூடாது என்பேன். நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, சிட்டா மாதிரிக் கட்டம் போட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி. மிங் வம்சத்தைத் தொடங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயர் சூ யுவான்சாங். ஆட்சிக்காலத்தின் பெயர் ஹோங்வு. இறந்த பிறகு முன்னோர் கோயிலில் வைத்து வணங்கும் பெயர் தைசூ. மூன்றும் ஒரே ஆள். ஒரு புத்தகம் ஒரு பெயரைச் சொல்லும், அடுத்த புத்தகம் இன்னொன்றை. தைசூ என்றால் வம்சத்தைத் தொடங்கிய முன்னோர் என்று பொருள், அதனால் வேறு வம்சங்களிலும் தைசூக்கள் உண்டு. இது போக, 1950களில் பின்யின் என்ற எழுத்துமுறை வருவதற்கு முந்தைய ஆங்கிலப் புத்தகங்களில் எழுத்துக்கூட்டலே வேறு. பீகிங்கும் பெய்ஜிங்கும் ஒன்று என்பது எல்லாருக்கும் தெரியும். சுங்கிங்கும் சோங்சிங்கும் ஒன்று என்பது எனக்கு மூன்றாவது புத்தகத்தில்தான் தெரிந்தது. மறுபெயர் தெரிய வரும்போதெல்லாம் அந்த வரியிலேயே சேர்த்து எழுதிவிடுவேன். பட்டாவில் “என்கிற” போடுவோமே, அப்படி.

வருடக் கணக்கில் மட்டும் எனக்குச் சிரமமே இல்லை. காரணம் பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் எங்கள் வருவாய்த்துறை வருடம். பசலி 1433 என்றால் 590ஐக் கூட்டி 2023 ஜூலையில் தொடங்கும் வருடம் என்று தூக்கத்திலும் சொல்வேன். சீனர்கள் பேரரசரின் ஆட்சியாண்டில் எழுதுகிறார்கள். வான்லி 15 என்றால் 1587. எப்போதும் 1572ஐக் கூட்டினால் சரி. ஒவ்வொரு ஆட்சிக்கும் கூட்ட வேண்டிய எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். இவ்வளவுதான் வித்தை.

இனி எண்களைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு ஒப்புதல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழைக்காலம். வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாதி கிராமத்துக்கு வழியில்லை. அடங்கல் எழுதியாக வேண்டும். அடங்கல் என்றால் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று நேரில் பார்த்து எழுதும் கணக்கு. தலையாரி சொன்னார்: “போன பசலில என்ன இருந்துச்சோ அதையே போட்டுடுங்கய்யா. இங்க நெல்ல விட்டா வேற என்ன வெளயப் போவுது?” போட்டேன். அந்த வருடம் அடித்த புயலில் ஒருவருடைய வாழை மொத்தமும் சாய்ந்தது. என் அடங்கலில் அந்த நிலத்தில் நெல் நின்றது. நிவாரணப் பட்டியலில் வாழைக்காரர்களோடு அவர் பெயர் இல்லை. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே அவர் நின்ற நிற்பு இன்றும் கண்ணில் இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. திருத்தி எழுதி அனுப்பினேன், ஆனால் அதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது.

சரி, சீனாவுக்கு வருவோம். தாங் வம்சத்தில் 755இல் ஆன் லூஷான் என்ற தளபதி கலகம் செய்தார். எட்டு வருடம் நடந்தது. கலகம் தொடங்கிய சமயத்து மக்கள் கணக்கு சுமார் 5 கோடியே 29 லட்சம். கலகம் ஓய்ந்த மறுவருடம், 764இல், 1 கோடியே 69 லட்சம். கழித்தால் 3 கோடியே 60 லட்சம் வருகிறது. இத்தனை பேரும் செத்தார்கள், அன்றைய உலக மக்கள்தொகையில் பெரும்பங்கு இந்த ஒரே போரில் அழிந்தது என்று சில உலக வரலாற்றுப் புத்தகங்கள் கூசாமல் எழுதுகின்றன. நானும் முதலில் படித்துவிட்டு அதிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் உள்ளே இருந்த வி.ஏ.ஓ. விழித்துக்கொண்டான். இந்தக் கணக்கை எடுத்தது யார்? எதற்காக? அது வரிப் பதிவேடு. கலகத்துக்குப் பிறகு வடகிழக்கு மாகாணங்கள் பழைய கலகத் தளபதிகள் கைக்கே போய்விட்டன. அவர்கள் தலைநகருக்குக் கணக்கு அனுப்பவில்லை. மற்ற இடங்களில் ஏடுகள் எரிந்தன, மக்கள் தெற்கே ஓடினார்கள், ஓடியவனை யார் பதிவார்கள்? லட்சக்கணக்கில் இறந்தது உண்மை, கொடுமையான போர்தான். ஆனால் அந்த 3 கோடியே 60 லட்சம் என்பது அரசாங்கத்தின் பார்வையிலிருந்து தப்பியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்த எண். பதிவேடு உதவாது என்று ஆனதால்தான் 780இல் தலைக்கு வரி என்ற பழைய முறையைக் கைவிட்டு, சொத்துக்கும் நிலத்துக்கும் வருடத்தில் இரண்டு தவணை வரி என்று மாற்றினார்கள்.

மிங் காலத்தில் இதற்கு நேர்மாறான வேடிக்கை. 1381இல் மஞ்சள் பதிவேடு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாக ஆட்களையும் சொத்தையும் எழுத வேண்டும். தலைநகரப் பிரதியை நான்ஜிங்கில் ஒரு ஏரி நடுவே இருந்த தீவுகளில் வைத்தார்கள், தீ விபத்துக்குப் பயந்து. நிலத்துக்கு மீன் செதில் பதிவேடு. வரைபடத்தில் நிலத் துண்டுகள் மீன் செதில் போல் அடுக்கடுக்காகத் தெரியும் என்பதால் அந்தப் பெயர். நம்முடைய புலப்படம்தான். அமைப்பைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் 1393இல் சுமார் 6 கோடி என்று காட்டிய பதிவேடு, நூறு வருடம் கழித்தும் அதே 6 கோடியைச் சுற்றியே நின்றது. உண்மையான மக்கள்தொகை மிங் கடைசிக் காலத்தில் 10 கோடியை நன்றாகத் தாண்டிவிட்டது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. நடுவில் என்ன நடந்தது? போன பசலில் இருந்ததையே போட்டார்கள். நூறு வயதைத் தாண்டிய ஆட்கள் பதிவேட்டில் உயிரோடு இருந்தார்கள்.

அன்றிலிருந்து எந்த வரலாற்றுப் புத்தகத்தில் எண் வந்தாலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி போடுகிறேன்: யார் எண்ணியது, எதற்கு? புத்தகம் அதற்குப் பதில் சொன்னால் அந்த ஆசிரியரை நம்பலாம்.

எண்ணுக்குச் சொன்னது கதைக்கும் பொருந்தும். சீனாவில் ஒரு வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாற்றை அடுத்த வம்சம்தான் எழுதும். மிங் வரலாற்றை சிங் ஆட்கள் எழுதி 1739இல் முடித்தார்கள். முன்னவன் கெட்டுப் போனதால்தானே பின்னவன் வந்தான்? அதனால் கடைசிப் பேரரசர்கள் பெரும்பாலும் குடிகாரர், சோம்பேறி, பெண்பித்தர். புதிதாகப் பொறுப்பு ஏற்பவர் பழையவரைப் பற்றி எழுதும் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பைப் படித்திருக்கிறீர்களா? அதே தொனி.

இதில் சிமா சியான் மட்டும் தனி. ஹான் காலத்து அரசவைப் பதிவாளர். அப்பா தொடங்கிய வரலாற்றை முடிப்பேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவர். தோற்றுச் சரணடைந்த லீ லிங் என்ற தளபதிக்காகப் பேரரசர் முன் ஒரு வார்த்தை பரிந்து பேசியதற்கு மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டது. அபராதம் கட்டப் பணமில்லை. மானமுள்ள ஆள் தற்கொலை செய்துகொள்வான் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. அவர் ஆண்மை நீக்கும் தண்டனையை ஏற்று உயிரோடு இருந்து 130 அத்தியாயங்களையும் முடித்தார். ஏன் சாகவில்லை என்று நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசரைப் பற்றி உண்மை எழுதிய ஆள். நாங்கள் எல்லாம் என்ன எழுதினோம்.

என் பெரிய சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். செங் ஹே என்ற கடற்படைத் தலைவர் 1405 முதல் 1433 வரை ஏழு முறை இந்தியப் பெருங்கடலுக்குக் கப்பல்களோடு வந்தார். இது வரலாறு. அவருடைய கப்பல்கள் 1421இல் அமெரிக்காவையும் கண்டுபிடித்தன என்று சொல்லும் பரபரப்பான புத்தகம் ஒன்று உண்டு. மூன்றே நாளில் அதைப் படித்து முடித்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கொலம்பஸை ஒழித்துக் கட்டினேன். பக்கத்து இலையில் நம் ஆசிரியர். பாயசம் வரும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆதாரம்னு என்ன குடுத்திருக்காரு சார்?” என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். ‘இருக்கலாம்’, ‘வேறு எப்படி விளக்குவது’ என்பவைதான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. படிக்க சுகமாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் ஒரு புத்தகம் ரொம்ப வேகமாக ஓடினால் கொஞ்சம் சந்தேகத்தோடு பிரேக் போடுகிறேன்.

அதே செங் ஹேயிடம் நிஜமாகவே வியக்க என்ன இருக்கிறது என்று பிறகுதான் பார்த்தேன். 1409ஆம் தேதியிட்ட ஒரு கல்வெட்டு, 1911இல் இலங்கையின் காலியில் கிடைத்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை என்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு, அதாவது தேவேந்திரமுனையில் இருந்த விஷ்ணுவுக்கு. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே. ஒரே மனுவை மூன்று அலுவலருக்கு மூன்று விதமாக எழுதத் தெரிந்தவர்கள்! கல்லோடு நிறுத்தினால் சமய நல்லிணக்கம் என்று கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் 1411இல் அதே செங் ஹே அந்தத் தீவின் அரசரைப் போரில் பிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோனார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உலக வரலாற்றையும் சீன வரலாற்றையும் தனித்தனியாகப் படிப்பது ஒரு கட்டத்துக்கு மேல் சலித்தது. அதனால் இன்னொரு நோட்டு. இடது பக்கம் வருடம், பிறகு சீனா, நம் பக்கம், ஐரோப்பா என்று மூன்று கட்டம். நிரப்ப நிரப்ப எதிர்பாராத இடங்களில் கோடுகள் ஒட்டும். 1857இல் சீனாவோடு இரண்டாம் அபினிப் போருக்குக் கப்பலேறிய பிரிட்டிஷ் படையைத்தான், வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்ததும் கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஆனால் என்னைக் குலுக்கியது 1876. தாது வருஷப் பஞ்சம். என் அப்பத்தா கும்மிப் பாட்டாக இரண்டு வரி பாடுவாள். அவளுடைய பாட்டி சொன்னதாம். மதராஸ் மாகாணத்திலும் தக்காணத்திலும் 1876–78இல் அரை கோடிக்கு மேல் செத்தார்கள். அதே நோட்டில் சீனாவின் கட்டத்தை நிரப்பும்போது, அதே 1876 முதல் 1879 வரை வட சீனாவில் ஒரு பஞ்சம். 90 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சம் வரை சாவு. ஷான்சி மாகாணம்தான் அதிகம் பட்டது, அந்த இரண்டில் கிழக்கே இருப்பது. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ இரண்டு இடத்து மழையையும் ஒன்றாகக் கெடுத்தது. அந்தப் பஞ்சத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் திங்-வூ பஞ்சம். திங்கும் வூவும் வருடங்களின் பெயரில் வரும் எழுத்துகள். அவர்களுக்கும் அறுபது வருடச் சுழற்சி! நாம் தாது வருஷம் என்று சொன்ன மாதிரியே அவர்களும் வருடத்தின் பெயராலேயே பஞ்சத்தை நினைவு வைத்திருக்கிறார்கள். நம் பிரபவ 1987இல் தொடங்கியது, அவர்களுடைய சுழற்சி 1984இல்.

ஷான்சி மலைநாடு. நிவாரணத் தானியம் தியான்ஜின் துறைமுகத்தில் குவிந்து கிடந்தது. மலைக் கணவாயில் வண்டியும் ஒட்டகமும் நெரிந்து நகரவில்லை. ரயில் இல்லாததால் செத்தார்கள் என்று ஒரு புத்தகம் முடித்தது. எனக்கு நோட்டின் பக்கத்துக் கட்டம் கண்ணில் பட்டது. மதராஸில் ரயில் இருந்ததே! ரயில் தானியத்தை விலை அதிகமான இடத்துக்கு இழுத்துப் போனது, இந்தியாவிலிருந்து ஏற்றுமதியும் நிற்கவில்லை. ஒற்றைக் காரணம் சொல்லும் உலக வரலாறுகளுக்கு இந்த மாதிரிப் பக்கத்துக் கட்டம்தான் மருந்து.

பக்கத்துக் கட்டம் மாதிரியே எதிர்த்தரப்பும். முதல் அபினிப் போரில் 1841 மே 30ஆம் தேதி குவாங்சோ நகரத்துக்கு வெளியே சான்யுவான்லியில் ஒரு மோதல். படித்துக்கொண்டே வந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டது 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி, நம் ஆட்கள். பெருமழையில் வழி தவறிய அவர்களை ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஈட்டியோடு சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்களிடம் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. கிண்ணத்தில் போடும் மருந்து நனைந்தால் வெடிக்காது. சதுரமாக நின்று துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் சமாளித்தார்கள். இரவில் மரீன் படை வந்து மீட்டது. அவர்களிடம் மழையிலும் வெடிக்கும் புதிய வகைத் துப்பாக்கி இருந்தது. ஆங்கிலேயர் எழுத்தில் இது மழையால் வந்த சின்னச் சங்கடம். சீனப் பாடப்புத்தகத்தில் இது மக்கள் எழுச்சியின் மகத்தான வெற்றி, அங்கே நினைவகமே இருக்கிறது. கிராமத்தார் ஏன் கொதித்தார்கள் என்று முதல் வகைப் புத்தகங்கள் அதிகம் கேட்பதில்லை. அந்நியப் படைகள் அவர்களுடைய கல்லறைகளைத் தோண்டின, பெண்களைத் தொட்டன. இழப்பு எவ்வளவு சிறியது என்பதை இரண்டாவது வகை சொல்வதில்லை. மதராஸ் சிப்பாய் என்ன நினைத்தான் என்பது இரண்டிலும் இல்லை. குறைந்தது இரண்டு தரப்பையும் படிக்காமல் ஒரு போரைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். முழுசாகக் காப்பாற்றவில்லை, ஆனால் பெரும்பாலும்.

சின்ன விஷயங்கள் சில. வரைபடம் இல்லாமல் படிக்காதீர்கள், அதுவும் அந்தக் காலத்து வரைபடம். மஞ்சள் ஆறு 1855இல் படுக்கையை மாற்றிக்கொண்டு ஷான்தோங்கின் தெற்கே போனது வடக்கே போய்விட்டது. இன்றைய வரைபடத்தை வைத்து மிங் காலத்து வெள்ளத்தைப் படித்தால் தலைகீழாகத்தான் புரியும். ஒரு நாளைக்கு இருபது பக்கம் போதும். பிடிக்காத அத்தியாயத்தைத் தாண்டலாம், பாவமில்லை. நாவலைப் படித்துவிட்டு வரலாறு படித்ததாகச் சொல்லாதீர்கள். மூன்று ராஜ்ஜியக் கதையில் ஏழு பங்கு உண்மை, மூன்று பங்கு கற்பனை என்று சீனர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் படித்தது 1958 முதல் 1961 வரையான வருடங்கள். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். டீக்கடை பெஞ்சு ஞாபகம்தான் காரணமாக இருக்கும்.

விளைச்சலையும் தொழிலையும் ஒரே தாவலில் பெருக்க மாவோ நடத்திய இயக்கம். பெரும் பாய்ச்சல் என்று பெயர். யார் அதிகம் விளைவித்தார்கள் என்று கம்யூன் எனப்பட்ட கூட்டுப் பண்ணைகளுக்குள் போட்டி. குவாங்சியில் ஹுவான்ஜியாங் என்ற மாவட்டம் ஒரு மு நிலத்தில் 1,30,434 ஜின் நெல் விளைந்ததாக அறிவித்தது. ஜின் என்றால் அரைக் கிலோ, மு என்றால் நம் கணக்கில் பதினாறரை சென்ட். கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 390 டன்னுக்கு மேல். எங்கள் பக்கம் நல்ல சம்பாவில் இரண்டு, இரண்டரை டன் வந்தால் கோயிலுக்குப் பொங்கல் வைப்பார்கள். பல வயல்களில் முற்றி நின்ற பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டுக் காட்டியிருக்கிறார்கள். 1958இல் நாட்டின் மொத்தத் தானியம் 37.5 கோடி டன் என்று அறிவிப்பு. பின்னால் அவர்களே ஒத்துக்கொண்டது 20 கோடி. 1959இல் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் இதெல்லாம் சரியில்லை என்று மாவோவுக்குக் கடிதம் எழுதினார். பதவி போனது. 1961 முடிவதற்குள் பட்டினியால் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை என்று ஆளுக்கொரு மதிப்பீடு சொல்கிறார்கள். பென்சில் கேள்வியை அங்கேயும் போட்டேன். ஆனால் எந்த எண்ணை எடுத்தாலும் கை நடுங்கத்தான் செய்தது.

மறுநாள் என் பழைய தலையாரி வந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். முதியோர் பென்ஷன் விஷயமாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பிக் கொடுத்துவிட்டு, மனசு தாங்காமல் அந்த வயல் கதையைச் சொன்னேன். பதினாறு சென்டில் அறுபத்தைந்து டன் என்றதும் சிரித்துவிட்டார்.

“யாருய்யா அந்தக் கணக்கப்புள்ள?”

நானும் சிரித்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. எங்கள் பக்கத்தில் அரசாங்கத்துக்குக் கட்டாயமாக லெவி நெல் அளந்த காலத்தைப் பார்த்தவர் அவர்.

“அது சரி. அம்புட்டு வெளஞ்சுதுன்னு எழுதிட்டா, அதுக்குத் தக்கன லெவி கேப்பாங்களேய்யா?”

“கேட்டாங்க” என்றேன்.